ஜப்பானிய மொழியைப் பேசிப் பழக ஆன்லைனில் ஒரு கூட்டம்: சேர்வது முதல் நிலைப்பது வரை

ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலை பாஸ் செய்தவர் யாரையாவது பிடித்து, ஜப்பானிய மொழியில் பத்து நிமிடம் பேசச் சொல்லிப் பாருங்கள். பலர் முழிப்பார்கள். நானும் அப்படி முழித்தவன்தான். டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை சென்னையில் தேர்வு எழுதினேன், பாஸ் ஆனேன். சான்றிதழ் கைக்கு வந்த மாதத்திலேயே, வேலை பார்த்த இடத்துக்கு ஜப்பானிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். என்னைத்தான் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். "ஹாய், ஹாய்" (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டியதைத் தவிர அன்று நான் எதுவும் பேசவில்லை. அவர் கேட்டது எல்லாம் புரிந்தது என்பதுதான் இன்னும் கொடுமை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அந்தத் தேர்வில் பேச்சே கிடையாது. சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் என எல்லாமே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்து வட்டத்தைக் கறுப்பாக்கும் கேள்விகள். அடிமட்டமான என்5 முதல் உச்சியில் இருக்கும் என்1 வரை ஐந்து நிலைக்கும் இதே கதைதான். ஒரு வார்த்தை பேசாமலேயே என்1 வரை ஏறிவிடலாம்.

பேச ஆள் வேண்டும். தென்காசியிலோ வவுனியாவிலோ இருந்துகொண்டு ஜப்பானிய மொழி பேச ஆள் தேடினால் கிடைக்குமா? அதனால் ஆன்லைன். நான் சேர்ந்த முதல் மூன்று குழுக்கள் செத்துப்போயின. நான்காவது இன்றும் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. கீழே சொல்வதில் பாதி அந்த மூன்று சாவுகளிலிருந்து கற்றது.

ஒரு சின்ன முன்குறிப்பு. ஜப்பானியச் சொற்களை இங்கே வசதிக்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். குழுவில் நீங்கள் ஹிரகனா என்ற ஜப்பானிய எழுத்தில்தான் எழுத வேண்டும்.

சேரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஹிரகனா, கதகனா என்ற ஒலியெழுத்துகள் இரண்டும் தடுமாறாமல் வாசிக்கத் தெரிய வேண்டும். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்து அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இலக்கணத்தில் என்5 பாடத்தில் பாதி தாண்டியிருந்தால் போதும். முழுதாக முடித்துவிட்டுச் சேர்கிறேன் என்பவர்கள் பெரும்பாலும் சேர்வதே இல்லை.

அடுத்தது கீபோர்டு. ஜிபோர்டு மாதிரி ஏதாவது ஒன்றில் ஜப்பானிய மொழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் அதுவே ஹிரகனாவாக மாறி, கான்ஜியும் காட்டும். வாட்ஸ்அப்பில் தங்கிலீஷில் எழுதிப் பழகிய கை, ஜப்பானியத்தையும் ஆங்கில எழுத்திலேயே எழுதிவிட்டுப் போகத்தான் பார்க்கும். விடாதீர்கள். அப்படி எழுதினால் ஜப்பானியர்களுக்குப் படிக்கச் சிரமம், உங்களுக்கும் எழுத்து பழகாது.

மூன்றாவது, உங்களைப் பற்றி பதினைந்து வாக்கியம். பெயர், ஊர், வேலை, ஏன் ஜப்பானிய மொழி, என்ன பிடிக்கும், உங்கள் ஊர் எப்படி இருக்கும். இதை எழுதி, சத்தமாகச் சொல்லிச் சொல்லி, நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சந்திக்கும் யாரோடும் முதல் பத்து நிமிடம் இதுதான் ஓடும்.

எங்கே சேர்வது

பொதுவாக மூன்று விதமான இடங்கள் உண்டு.

முதலாவது, ஆளுக்கு ஆள் மொழி மாற்றிக்கொள்ளும் செயலிகள். ஹலோடாக், டேண்டம் இரண்டும் இந்த வகையில் பெரியவை. டேண்டம் என்றால் இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள். நான் உன் மொழிக்கு மிதிக்கிறேன், நீ என் மொழிக்கு மிதி என்பதுதான் ஏற்பாடு. ஹலோடாக்கில் ஒரு நல்ல வசதி உண்டு: நீங்கள் எழுதிய வாக்கியத்தை எதிராளி தொட்டுத் திருத்தினால், பழையதும் திருத்தியதும் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரியும். அந்தத் திருத்தங்களைத் தனியாகச் சேர்த்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது, டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் இருக்கும் பெரிய சர்வர்கள், அதாவது குழுமங்கள். ஜப்பானிய மொழி கற்பவர்களும் ஆங்கிலம் கற்கும் ஜப்பானியர்களும் ஆயிரக்கணக்கில் கூடும் இடங்கள் அங்கே இருக்கின்றன. சேர்ந்ததும் உங்கள் தாய்மொழி, உங்கள் நிலை ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதைச் செய்யாவிட்டால் பல அறைகள் கண்ணுக்கே தெரியாது. எழுதும் அறைகளோடு குரல் அறைகளும் உண்டு. உள்ளே போய் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். கல்யாண வீட்டில் தெரியாத பந்தியில் உட்கார்ந்த கூச்சம் முதல் இரண்டு நாள் இருக்கும், அப்புறம் போய்விடும்.

மூன்றாவது, கற்பவர்கள் மட்டும் இருக்கும் சின்னக் குழு. நாலைந்து பேர், வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம், வாரம் ஒரு நாள் கூகுள் மீட். விளம்பரம் இல்லாத இடம். தேடினால் கிடைக்காது, நீங்களேதான் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால், உண்மையில் பேச்சு வருவது இந்த மூன்றாவது இடத்தில்தான். மற்ற இரண்டும் இதற்குத் தீனி போடுபவை.

இவை தவிர ஹைநேட்டிவ் என்று கேள்வி கேட்கும் தளம் ஒன்று இருக்கிறது. "இந்த இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம்", "இப்படிச் சொன்னால் இயல்பாக இருக்குமா" என்று கேட்டால் தாய்மொழிக்காரர்கள் பதில் சொல்வார்கள். பேசிப் பழக உதவாது, ஆனால் சந்தேகம் தீர்க்க உதவும்.

ப்ரொஃபைலும் முதல் செய்தியும்

ப்ரொஃபைலில் தாய்மொழி தமிழ் என்றே போடுங்கள். அங்கே வரும் ஜப்பானியர்களில் பலர் தேடுவது ஆங்கிலம் என்பது உண்மைதான். அதற்காக ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று போட்டால் இரண்டாவது நாளே தர்மசங்கடம். "தமிழ் தாய்மொழி, ஆங்கிலம் வேலையில் தினமும் பேசுகிறேன், உதவ முடியும்" என்று எழுதினால் போதும். தமிழே வேண்டும் என்று வருபவர்கள் குறைவு. ஆனால் இருக்கிறார்கள். 1998இல் ஒரு ரஜினி படம் ஜப்பானில் ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு அங்கே தமிழ்ப்பட ரசிகர் கூட்டம் உருவானது. அப்படி ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலம் நடுவில் வராமலே பேசலாம்.

முதல் செய்தியாக வெறும் "கொன்னிச்சிவா" அனுப்பாதீர்கள். அது கிணற்றில் போட்ட கல். எதிராளியின் பக்கத்தைப் பார்த்து, அதிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் ராமென் படம் போட்டிருந்தால், "கொனொ ராமென் வா தொகொ தெ தபெமாஷித கா" (இந்த ராமெனை எங்கே சாப்பிட்டீர்கள்) என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லலாம். கடைசியில் "யொரோஷிகு ஒனெகாய்ஷிமாஸ்" (நல்லபடியாகப் பழகுவோம் என்பது போன்ற மரியாதைச் சொல்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் வராமல் போவது சகஜம். பத்துப் பேருக்கு எழுதினால் எட்டுப் பேர் காணாமல் போவார்கள். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கூப்பிடும் முறை முக்கியம். எப்போதும் பெயரோடு "சன்" சேர்த்துக் கூப்பிடுங்கள். நம் "நீங்கள்" போல நினைத்து "அனத" என்று சொல்லிவிடாதீர்கள். பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே அது இருந்தாலும், முகத்துக்கு நேரே சொன்னால் கொஞ்சம் உறுத்தும். பெயர் தெரிந்தால் பெயர், இல்லாவிட்டால் எழுவாயை விட்டுவிடலாம். "சாப்பிட்டாச்சா?" என்று நாம் கேட்பதில் எழுவாய் எங்கே இருக்கிறது? இன்னொன்று: வயதில் மூத்த பெண்ணை மரியாதை என்று நினைத்து "ஒபசன்" என்று கூப்பிட வேண்டாம். முப்பத்தெட்டு வயதுக்காரரை இங்கே "ஆன்ட்டி" என்று கூப்பிட்டால் என்ன நடக்குமோ அதுதான் அங்கேயும் நடக்கும்.

எழுத்திலிருந்து குரலுக்கு

பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ஆறு மாதம் எழுதிக்கொண்டே இருப்பார்கள், பேசமாட்டார்கள். எழுத்துக்கும் நேரடிப் பேச்சுக்கும் நடுவில் ஒரு படி உண்டு. அதுதான் குரல் பதிவு.

முதல் வாரம் எழுத்து மட்டும். இரண்டாம் வாரம் தினமும் முப்பது விநாடிக்கு ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். இன்று என்ன சாப்பிட்டேன், பஸ்ஸில் என்ன பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு விதி: எழுதி வைத்து வாசிக்கக்கூடாது. மூன்று முறை மட்டும் மறுபடி பதிவு செய்யலாம், நான்காவது எப்படி வந்தாலும் அனுப்பியே ஆக வேண்டும். நான் முதல் பதிவை இருபது தடவை அழித்தேன். அது பயிற்சியே இல்லை, பயம்.

மூன்றாம் வாரம் நேரடிப் பேச்சு. பதினைந்து நிமிடம் போதும். வாயில் தயாராக வைத்துக்கொள்ள நான்கு வாக்கியங்கள்:

"மோ இச்சிதொ ஒனெகாய்ஷிமாஸ்": இன்னொரு முறை சொல்லுங்கள்.
"யுக்குரி ஹனஷிதெ குதசாய்": மெதுவாகப் பேசுங்கள்.
"நிஹொங்கொ தெ நன் தொ ஈமாஸ் கா": ஜப்பானிய மொழியில் இதை எப்படிச் சொல்வது.
"மச்சிகத்தர நவொஷிதெ குதசாய்": தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

நான்காவது இல்லாமல் பேச்சைத் தொடங்கவே வேண்டாம். ஜப்பானியர்கள் மரியாதை கருதிப் பெரும்பாலும் தாமாகத் திருத்தமாட்டார்கள். நீங்கள் இரண்டு சொல் சொன்னதுமே "நிஹொங்கொ ஜோசு தெஸ் நெ" (நன்றாகப் பேசுகிறீர்களே) என்பார்கள். அதை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்கு வந்தவரிடம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பது மாதிரிதான் அது. எதைத் திருத்த வேண்டும் என்று குறிப்பாகச் சொன்னால் நன்றாகத் திருத்துவார்கள். "இன்று இறந்தகால வடிவங்களை மட்டும் கவனியுங்கள்" என்பது போல.

அவர் பேசும்போது நீங்கள் மௌனமாக இருக்கக்கூடாது. ஜப்பானியத்தில் இதற்கு "ஐசுச்சி" என்று பெயரே உண்டு: "ஹாய்", "எ எ", "சோ தெஸ் கா", "சோ தெஸ் நெ" என்று நடுநடுவே சொல்லிக்கொண்டே இருப்பது. நமக்கு இது புதிதா என்ன? பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டியவர்கள்தானே நாம். அதே உம் கொட்டலை அவர்கள் சொற்களில் செய்தால் போதும். இது இல்லாவிட்டால் போனில் பேசுபவர், லைன் போய்விட்டதோ என்று நினைத்துப் பேச்சை நிறுத்திவிடுவார்.

நேரம், கடிகாரம்

ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே கணக்கு. அங்கே கோடைக்கால நேரமாற்றம் இல்லாததால் வருடம் முழுவதும் மாறாது. நாம் சாப்பிட்டுவிட்டு இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் அங்கே நள்ளிரவு ஒரு மணி. வேலைக்குப் போகும் ஜப்பானியருக்கு ஓய்வு கிடைப்பது அவர்கள் நேரத்தில் இரவு ஒன்பதுக்கு மேல், அதாவது நமக்கு மாலை ஐந்தரைக்கு மேல். வாரநாளில் அந்த நேரத்தில் நாம் அலுவலகத்திலோ பஸ்ஸிலோ இருப்போம். அதனால் எனக்குச் சரிப்பட்டது ஞாயிறு காலை ஆறரை. அங்கே பத்து மணி, அவர்கள் எழுந்து காபி குடித்திருப்பார்கள். முகம் கழுவாமல் நான் பேசியது அவர்களுக்குத் தெரியாது, கேமராவை அணைத்திருப்பேன்.

பாதி நேரம் ஆங்கிலம், பாதி ஜப்பானியம் என்று பேசிக்கொண்டால், ஜப்பானியப் பாதியை முதலில் வையுங்கள். இது அனுபவத்தில் சொல்வது. எதிராளியின் ஆங்கிலம் உங்கள் ஜப்பானியத்தைவிட நன்றாக இருந்தால், பத்தாவது நிமிடத்தில் பேச்சு தானாக ஆங்கிலத்துக்குச் சரியும், பிறகு திரும்பாது. போனில் டைமர் வையுங்கள். மணி அடித்தால் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் மொழியை மாற்றுங்கள். அவருக்கும் நியாயமாக இருக்கும்.

சின்னக் குழுவை நீங்களே அமைப்பது

ஐந்து பேர். நான்கு வேண்டாம், எட்டு வேண்டவே வேண்டாம். ஐந்தில் இரண்டு பேர் வராவிட்டாலும் மூன்று பேரோடு அன்றைய கூட்டம் நடக்கும். எட்டுப் பேர் என்றால், "நான் வராவிட்டால் என்ன, ஏழு பேர் இருக்கிறார்களே" என்று ஏழு பேரும் நினைப்பார்கள். என் முதல் குழு அப்படித்தான் போனது. இரண்டாவது குழு வேறு விதமாகப் போனது. அதில் நாற்பது பேர். எல்லோரும் பி.டி.எஃப். பகிர்ந்தார்கள். தினமும் பத்துப் புத்தகம் வரும், யாரும் ஒரு வாக்கியம் பேசமாட்டார்கள். மூன்றாவதில் என்5 படிப்பவரும் என்2 படிப்பவரும் ஒன்றாக இருந்தோம். பெரியவர் பாடம் நடத்தினார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் அவருக்கும் அலுத்தது, எங்களுக்கும் அலுத்தது.

ஆட்களை எங்கே பிடிப்பது? நீங்கள் ஜப்பானிய வகுப்புக்குப் போகிறீர்கள் என்றால் பக்கத்து பெஞ்சுக்காரர். இல்லாவிட்டால் டிஸ்கார்ட் சர்வர்களில் உங்கள் நிலை போட்டிருப்பவர்கள். எல்லோரும் தமிழராக இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் ஒருவர் வேற்று மொழிக்காரராக இருப்பது நல்லது. எங்கள் குழுவில் ஒருவர் வியட்நாம்காரர். அவர் இருப்பதால் யாரும் தமிழுக்குத் தாவ முடியாது, அவருடைய ஆங்கிலமும் சுமார் என்பதால் ஆங்கிலத்துக்கும் தாவ முடியாது. வேறு வழியில்லாமல் ஜப்பானியம் பேசுகிறோம்.

கூட்டம் முக்கால் மணி நேரம். எங்களுடையது இப்படி ஓடுகிறது. முதல் ஐந்து நிமிடம் ஆளுக்கொரு வாக்கியம், இந்த வாரம் நடந்தது ஒன்று. அடுத்து, இருவர் இருவராகப் பிரிந்து பத்து நிமிடம், பிறகு ஜோடி மாற்றி இன்னொரு பத்து நிமிடம். ஐந்து பேரும் வந்துவிட்டால் ஓர் அணியில் மூன்று பேர். தலைப்பு முந்தின நாளே வந்துவிடும். தலைப்பு சின்னதாக இருக்க வேண்டும். "சுற்றுச்சூழல்" என்று வைத்தால் வாய் அடைக்கும். "கடைசியாக எதைத் தொலைத்தாய்", "பக்கத்து வீட்டுச் சத்தம்", "நேற்று வாங்கிய ஒரு பொருளைத் திருப்பிக் கொடுப்பது" போன்றவை ஓடும்.

மீதி இருபது நிமிடம்தான் இந்த வழிகாட்டியின் உயிர். பேசும்போது, சொல்ல நினைத்து வராமல் போன வாக்கியங்களை ஒவ்வொருவரும் ஒரு தாளில் குறித்துக்கொள்கிறோம், தமிழிலோ அவரவர் மொழியிலோ. "மழை வந்ததால் துணி மறுபடி நனைந்துவிட்டது" என்று சொல்ல வந்து, வராமல், "மழை. துணி. வருத்தம்" என்று முடித்திருப்போம். கடைசி இருபது நிமிடத்தில் அந்தத் தாள்களை வெளியே எடுத்து, ஆளுக்கு மூன்று வாக்கியத்தைக் கூட்டாக ஜப்பானியத்தில் கட்டுகிறோம். கட்டியது சரிதானா என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் அந்த வாரமே ஒருவர் அதைத் தன் ஜப்பானியப் பேச்சுத் துணையிடமோ ஹைநேட்டிவ்விலோ காட்டித் திருத்தி வாங்கி, குழுவில் போடுவார். அடுத்த வாரம் அந்த வாக்கியங்களை எப்படியாவது பேச்சில் நுழைக்க வேண்டும்.

கற்பவர்களே கூடிப் பேசினால் ஒருவர் தப்பு இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்பார்கள். ஒட்டும். அதற்குத்தான் இந்தத் தாள். ஆனால் தப்பாகக்கூட வாய் திறக்காதவரைவிட, தப்பாகப் பேசித் திருத்திக்கொள்பவர் எங்கேயோ போய்விடுகிறார்.

நடத்துபவர் வாராவாரம் மாற வேண்டும். ஒருவரே நடத்தினால் அவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் குழுவுக்கும் காய்ச்சல். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். "இந்த வாரம் ஞாயிறு வைக்கலாமா" என்று வாக்கெடுப்பு தொடங்கிய குழு இரண்டு மாதம் தாங்காது.

தமிழர்களுக்கு எது எளிது, எது வழுக்கும்

இதைத் தெரிந்துகொண்டு போனால் குழுவில் தைரியம் வரும். ஆங்கிலேயர் தலைகீழாக நின்று கற்கும் பல விஷயங்கள் நமக்குப் பழகியவை. வினை கடைசியில் வரும். "நேற்று பார்த்த படம்" என்பதை அதே வரிசையில் "கினோ மித எய்கா" என்கிறார்கள். துணைவினைகள் இன்னும் சுவாரசியம். "தபெதெ மிரு" என்றால் சொல்லுக்குச் சொல் "சாப்பிட்டுப் பார்". "யொந்தெ ஒகு" என்றால் "படித்து வை". ஒகு என்பதே வைப்பதுதான். "வசுரெதெ ஷிமத்த" என்றால் "மறந்துவிட்டேன்". வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்லும் "இத்தெ கிமாஸ்" நம் "போய்ட்டு வரேன்" அப்படியே. "கொரெ, சொரெ, அரெ, தொரெ" என்ற நான்கும் "இது, உது, அது, எது". மற்றவர்கள் நடுவில் இருக்கும் "சொரெ"யை மனப்பாடம் செய்ய, பேச்சில் "உது" இன்னும் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தார் சிரித்துக்கொண்டே பேசலாம்.

ஆகவே மனதுக்குள் ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்து மொழிபெயர்க்காதீர்கள். பள்ளிக்கூடப் பழக்கத்தில் பலர் இதைச் செய்கிறார்கள். தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வேலை மிச்சம்.

வழுக்கும் இடங்களும் உண்டு. பெரியது ஒலி. தமிழில் க என்ற ஒரே எழுத்து சொல்லின் முதலில் ஒரு மாதிரியும் நடுவில் ஒரு மாதிரியும் ஒலிக்கும். நாம் அதைக் கவனிப்பதே இல்லை. ஜப்பானியத்தில் அது பொருளையே மாற்றும். வல்லொலியில் "இதொ" (ito) என்றால் நூல், மெல்ல அதிர்ந்தால் (ido) கிணறு. "ககி"யும் அப்படித்தான்: ஒரு விதமாகச் (kaki) சொன்னால் பழம், இன்னொரு விதமாகச் (kagi) சொன்னால் சாவி. நான் ஒருமுறை பழத்தைத் தொலைத்துவிட்டதாகக் குரல் அறையில் புலம்பியிருக்கிறேன். எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இன்னொரு சிக்கல், ஆங்கிலத்தின் கடைசி எழுத்து ஒலியை ஜ ஆக்கிவிடுவது. இந்த இரண்டையும் மட்டும் கவனிக்கச் சொல்லி ஒரு ஜப்பானியரிடம் இரண்டு முறை பேசுங்கள். குறில் நெடில், ஒற்று மிகுவது போன்றவற்றில் நமக்குப் பிரச்சினை இல்லை. "ஒபசன்" ஆன்ட்டி, "ஒபாசன்" பாட்டி. "கிதெ" என்றால் வந்து, "கித்தெ" என்றால் தபால் தலை. தமிழ் காதுக்கு இதெல்லாம் தெளிவாகவே கேட்கும்.

இன்னொரு வழுக்கல், வருவதும் போவதும். யாராவது கூப்பிட்டால் நாம் "இதோ வரேன்" என்போம். ஜப்பானியர் "போகிறேன்" என்ற வினையைத்தான், அதாவது "இகு"வைத்தான் பயன்படுத்துவார். கேட்பவரை நோக்கிப் போவதையும் வருதல் என்பது நம் வழக்கம். வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. பழக்கம் அவ்வளவு பழையது, உடனே மாறாது. குழுவில் ஒருவர் "உங்கள் வீட்டுக்கு வருகிறேன்" என்று தப்பாகச் சொன்னால் எங்களில் யாராவது "இகு!" என்று கத்துவோம். இப்போது குறைந்திருக்கிறது. பெயரடைக்கு இறந்தகாலம் சேர்ப்பதும் அப்படியே. குளிராக இருந்தது என்பதற்கு "சமுகத்த தெஸ்" என்று சொல்ல வேண்டும். நாம் "சமுய் தெஷித" என்று ஒட்டிவிடுவோம்.

இவ்வளவு ஒற்றுமை இருக்கிறதே, இரண்டும் உறவு மொழிகளா என்று கேட்கத் தோன்றும். சுசுமு ஒனொ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி வாதிட்டார், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அதைப் பற்றிய விவாதத்தை முதல் வாரத்திலேயே குழுவில் கிளப்பாதீர்கள். பயிற்சி நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும், அதுவும் ஆங்கிலத்தில்.

ஜாக்கிரதை

மொழி மாற்றும் செயலிகளில் மொழிக்காக வராதவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது செய்தியிலேயே வேறு செயலிக்கு வரச் சொல்பவர், மூன்றாவது நாளே முதலீடு, கிரிப்டோ என்று பேசுபவர், முகம் காட்டச் சொல்லி வற்புறுத்துபவர் என்றால் பேச்சை வளர்க்காமல் பிளாக் செய்யுங்கள். ஜப்பானியர்கள் பொதுவாக லைன் என்ற செயலியைத்தான் பயன்படுத்துவார்கள், அதனால் லைன் ஐடி கேட்டாலே மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் சில வாரம் பேசிய பிறகு கேட்பது வேறு, பேசத் தொடங்கும்போதே கேட்பது வேறு. பெண்கள், ஒரே பாலினத்தவர் மட்டும் தேடவும் எழுதவும் விடும் அமைப்பு இருக்கிறதா என்று செயலியில் முதலிலேயே பாருங்கள்.

இன்னொரு வலை, வேலை. 2019 ஏப்ரலில் ஜப்பான் "தொகுதே கினோ" என்ற திறன் தொழிலாளர் விசாவைத் தொடங்கிய பிறகு, மொழி கற்பவர்கள் கூடும் இடங்களில் "நான் வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு" என்பவர்களும் வந்துவிட்டார்கள். அந்த விசாவுக்குப் பொதுவாக மொழித் தேர்வும் தொழில் தேர்வும் எழுதித் தேற வேண்டும். அரட்டைக் குழுவில் இருப்பவர் யாரும் அதைப் பணத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

பேச்சைப் பதிவு செய்வது நல்ல பழக்கம், ஆனால் எல்லோரிடமும் கேட்டுவிட்டு. "ரொகுஓன் ஷிதெ மொ ஈ தெஸ் கா" (பதிவு செய்யலாமா) என்று கேட்பதே ஒரு வாக்கியப் பயிற்சி.

தேர்வு முடிந்த வாரம்

ஜே.எல்.பி.டி. ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறு நடக்கிறது. குழுக்கள் அதிகம் சாவது அதற்கு அடுத்த வாரத்தில்தான். தேர்வுக்கு முந்தின மாதம் "கேட்டல் மட்டும் போட்டுப் பார்க்கிறேன், பேச்சு அப்புறம்" என்று ஒவ்வொருவராக நழுவுவார்கள். முடிந்த பிறகு "ஒரு வாரம் ஓய்வு" என்பார்கள், அது மார்ச் வரை நீளும். நாங்கள் செய்வது இது: தேர்வுக்கு முந்தின மூன்று வாரமும் கூட்டத்தைப் பதினைந்து நிமிடமாகக் குறைத்துவிடுவோம், நிறுத்தமாட்டோம். தேர்வுக்கு அடுத்த சனிக்கிழமைக்கான தலைப்பை நவம்பரிலேயே போட்டுவிடுவோம்.

போன டிசம்பரில் அந்தத் தலைப்பு, "தேர்வு அறையில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்". அன்று ஐந்து பேரும் வந்தோம். வியட்நாம்காரர் மட்டும் பத்து நிமிடம் தாமதம். உள்ளே வந்ததும் மூச்சு வாங்க, "ஒசொகு நத்தெ சுமிமாசென்" என்றார். தாமதத்துக்கு மன்னிப்பு. அப்புறம் யாரும் கேட்காமலே காரணம் சொல்லத் தொடங்கினார். பாதியில் ஒரு சொல் வராமல் நின்றது, தாளில் குறித்துக்கொண்டு மேலே போனார்.